நொதியும் சவ்வும்: இறால் ஓடு கற்பிக்கும் பாடம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவி, காத்திவாக்கம்)

விடியற்காலை நான்கு மணிக்கெல்லாம் எங்கள் தெரு விழித்துவிடும். காசிமேட்டிலிருந்து ஐஸ் பெட்டிகளில் வந்திறங்கும் இறாலைச் சுற்றிப் பெண்கள் மணைப்பலகை போட்டு அமர்வார்கள். அவர்களுள் என் தாயும் ஒருத்தி. உரித்த சதை ஒரு தட்டிலே, தலையும் ஓடும் மற்றொரு கூடையிலே. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. சதை பெரிய ஓட்டல்களுக்கும் வெளிநாட்டுக்கும் போகிறது. ஓடு எங்கே போகிறது? நண்பகலுக்குள் நாறத் தொடங்கிக் கால்வாய் ஓரத்திலே குவிகிறது.

சென்ற பருவத்திலே எங்களுக்கு நொதிகளைப் பற்றிய பாடம் நடந்தது. தேர்வுக்காக உரக்கப் படித்துக் கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்ட என் தாய், "இன்னாம்மா அது, நொதி நொதின்னு சொல்லிக்கினே கீற?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்த அளவில் விளக்கினேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ எறா தலை கறுத்துப் போறதும் அதாலதானா? அதுக்குத்தானே கூலியிலே புடிக்கிறாங்க" என்றார்.

எனக்கு விடை தெரியவில்லை. மறுநாள் எங்கள் விரிவுரையாளரைக் கேட்டேன். நூலகத்திலே தேடினேன். என் தாயின் ஊகம் முற்றிலும் சரி என்று அறிந்தபோது வியப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன. அந்த ஒரு கேள்வி என்னை எங்கெங்கோ அழைத்துச் சென்றது. அந்தப் பயணத்தையே இக்கட்டுரையில் நண்பர்களோடு பகிர்ந்து கொள்ள விழைகிறேன்.

நொதி என்பது யாது?

உயிருள்ள செல்களில் ஒவ்வொரு கணமும் ஆயிரக்கணக்கான வேதிவினைகள் நடைபெறுகின்றன. சோதனைக் குழாயில் அவற்றை நடத்தக் கொதிக்கும் வெப்பமும் கடுமையான அமிலமும் தேவைப்படலாம். உடலிலோ அவை வெதுவெதுப்பான சூட்டிலே அமைதியாக நடந்து முடிகின்றன. காரணம் நொதிகள். இவை பெரும்பாலும் புரதத்தால் ஆன வினையூக்கிகள். வினையை விரைவுபடுத்தும், தாம் செலவாகிப் போகமாட்டா. ஒவ்வொரு நொதியும் தனக்குரிய வேலையை மட்டுமே செய்யும். மாவுப்பொருளை உடைக்கும் நொதி புரதத்தைத் தொடாது. புரதத்தை உடைக்கும் நொதி மாவைத் தொடாது.

1833-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு வேதியியலார் பயேன், பெர்சோ ஆகிய இருவரும் முளைத்த பார்லியிலிருந்து டயஸ்டேஸ் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அது மாவைச் சர்க்கரையாக மாற்றியது. 1897-இல் ஜெர்மானியரான எட்வர்ட் புக்னர், ஈஸ்ட் செல்களை அரைத்துப் பிழிந்த சாறும், உயிருள்ள ஒரு செல்கூட இல்லாமலே, சர்க்கரையை நொதிக்கச் செய்வதைக் கண்டார். 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 1926-இல் அமெரிக்கரான ஜேம்ஸ் சம்னர் ஒருவகை அவரையிலிருந்து யூரியேஸ் என்னும் நொதியைப் படிகமாக எடுத்து, நொதி ஒரு புரதமே என்று காட்டினார்.

ஆனால் பெயர் தெரியாமலே நொதிகளை வேலை வாங்கியவர்கள் நம் வீட்டுப் பெண்கள். முற்றிய ஆட்டுக்கறி வேகாவிட்டால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்றைக் குழம்பில் போடுகிறார்களே, ஏன்? அக்காயின் பாலிலுள்ள பப்பெய்ன் என்னும் நொதி கறியின் புரத நார்களை அறுத்துவிடுகிறது. முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சிய கஞ்சி சாதாரணக் கேழ்வரகுக் கஞ்சியைவிட நீர்த்திருப்பதும் நொதியின் செயலே. பயேனும் பெர்சோவும் பார்லியில் கண்டதை நம் பாட்டிமார் கேழ்வரகில் கண்டிருந்தார்கள் எனலாம்.

திருடனும் அவனே, தொழிலாளியும் அவனே

இனி என் தாயின் கேள்விக்கு வருவோம். இறாலின் உடலில் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்றொரு நொதி உண்டு. உயிரோடிருக்கும்போது ஓட்டை இறுகச் செய்வதிலும் காயத்தை ஆற்றுவதிலும் அது துணை செய்கிறது. இறந்த பின்னரோ காற்றிலுள்ள ஆக்சிஜனைத் துணைக்கொண்டு சில பீனால் சேர்மங்களைக் குயினோன்களாக மாற்றுகிறது. அவை ஒன்றோடொன்று இணைந்து மெலனின் என்னும் கருநிறப் பொருளாகின்றன. தலையிலும் கணுக்களிலும் தோன்றும் கரும்புள்ளி இதுவே. நறுக்கிய கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பதும் இதே வகை வினைதான். அவற்றை நறுக்கியவுடன் தண்ணீரில் போடும் வழக்கம் ஆக்சிஜனைத் தடுக்கும் வழியன்றி வேறென்ன?

கரும்புள்ளி உண்பவருக்குத் தீங்கு செய்வதில்லை. ஆயினும் சந்தையில் விலை குறைகிறது. அக்குறைவு கடைசியில் உரிப்பவரின் கூலியில் வந்து விடிகிறது. பிடித்தவுடன் ஐஸில் புதைப்பதும், வெயில் படாமல் காப்பதும், தலையை விரைவில் நீக்குவதும் இதற்கு நல்ல மருந்து. குளிரில் நொதியின் வேகம் குறையும். ஆகவே கறுத்த தலை உரிப்பவளின் குற்றமன்று. ஐஸ் போதாமல் கழிந்த மணிகளின் குற்றம்.

நெத்திலி, கவலை போன்ற மீன்களைச் சிறிது நேரம் வெளியே வைத்தால் வயிறு வெடித்துவிடுவதைக் கடற்கரையில் எல்லாரும் அறிவர். இதுவும் நொதியின் வேலையே. உணவைச் செரிப்பதற்காகக் குடலில் இருந்த நொதிகள், மீன் இறந்தபின் குடலையே செரித்து வெளியே வருகின்றன.

இங்கேதான் சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. கட்டுப்பாடின்றி விட்டால் நம் பொருளைத் திருடும் இதே நொதியை, தக்க சூட்டில், தக்க நேரம் வேலை வாங்கினால் சிறந்த தொழிலாளியாகிவிடுகிறது. குப்பை என்று கொட்டும் ஓட்டிலிருந்து அவனைக் கொண்டு என்ன எடுக்கலாம்?

ஓட்டில் ஒளிந்திருப்பது என்ன?

உலர்ந்த இறால், நண்டு ஓடுகளில் 20 முதல் 40 விழுக்காடு புரதமும், 20 முதல் 50 விழுக்காடு கால்சியம் கார்பனேட்டும், 15 முதல் 40 விழுக்காடு கைட்டினும் உள்ளன. உலகில் ஆண்டுதோறும் 60 லட்சம் முதல் 80 லட்சம் டன் வரை இத்தகைய ஓட்டுக் கழிவு சேர்கிறது என்று 2015-இல் 'நேச்சர்' இதழில் வெளியான கட்டுரை ஒன்று மதிப்பிட்டது.

கைட்டின் என்பது செல்லுலோஸைப் போன்ற நெடுஞ்சங்கிலிச் சேர்மம். 1811-இல் பிரெஞ்சு அறிஞர் பிரகோன்னோ இதனை முதலில் காளானில் கண்டார். இதனைச் சற்று மாற்றினால் கைட்டோசான் கிடைக்கும். கலங்கல் நீரைத் தெளிய வைக்கவும், காயங்களுக்குக் கட்டுப் போடவும், பயிர்ப் பாதுகாப்புக்கும் அது பயன்படுகிறது. கொச்சியில் 1957-இல் தொடங்கப்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், கைட்டின், கைட்டோசான் தயாரிப்பு முறைகளை உருவாக்கித் தொழில்முனைவோருக்கு வழங்கியுள்ளது.

வழக்கமான முறை இதுதான். ஓட்டை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்தால் கால்சியம் கார்பனேட் கரைந்து கார்பன் டை ஆக்சைடு நுரைத்தெழும். முதலாம் ஆண்டு ஆய்வகத்தில் நாம் அனைவரும் பார்த்த வினைதான். பிறகு சூடான காஸ்டிக் சோடாக் கரைசலில் இட்டால் புரதம் கரைந்துவிடும். எஞ்சுவது கைட்டின். முறை எளியது, விரைவானது. ஆனால் அமிலமும் காரமும் கலந்த கழிவுநீர் மிஞ்சுகிறது. அத்தோடு, உணவாகக்கூடிய புரதம் காஸ்டிக் சோடாவில் சிதைந்து வீணாகிறது. ஏற்கெனவே பல சுமைகளைத் தாங்கி நிற்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கு இன்னும் ஒரு சுமையை யார் வேண்டுவார்? 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணெய் படிந்து கறுத்த வலைகளைக் கண்ட எங்களுக்கு இக்கேள்வி ஏட்டுச் சுரைக்காயன்று.

நொதி வழி வேறு. அரைத்த ஓட்டைத் தண்ணீரில் கலந்து, 50 முதல் 55 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் புரதத்தை அறுக்கும் நொதியைச் சேர்க்கிறார்கள். அது பப்பெய்னாக இருக்கலாம். பாக்டீரியாவிலிருந்து எடுத்த சப்டிலிசினாகவும் இருக்கலாம். சில மணி நேரத்தில் புரதம் பெப்டைடு என்னும் சிறு துண்டுகளாகிக் கரைசலுக்கு வந்துவிடும். ஓட்டின் செந்நிறத்துக்குக் காரணமான அஸ்டாசாந்தினும் புரதத்தின் பிடியிலிருந்து விடுபடுகிறது. கால்சியத்தை நீக்க அமிலத்துக்குப் பதில் லாக்டிக் அமில பாக்டீரியாக்களை வெல்லப்பாகு போன்ற மலிவான சர்க்கரையில் வளர்க்கலாம். இட்லி மாவைப் புளிக்க வைக்கும் அதே குடும்பந்தான். அவை சுரக்கும் லாக்டிக் அமிலமே கால்சியம் கார்பனேட்டைக் கரைத்துவிடும்.

இப்போது நம் கையில் இருப்பது என்ன? ஒருபுறம் கைட்டின், மறுபுறம் பெப்டைடும் உப்பும் கொழுப்பும் கலந்த ஏராளமான நீர். இந்த நீரிலிருந்து உணவைப் பிரிப்பது எப்படி? இங்கேதான் இரண்டாவது தொழிலாளி வருகிறான். அவன் பெயர் சவ்வு.

சவ்வின் வேலை

உலர்ந்த திராட்சையை நீரில் இட்டால் உப்புகிறது. தோலின் வழியே நீர் உள்ளே செல்கிறது; உள்ளிருக்கும் சர்க்கரை எளிதில் வெளியே வருவதில்லை. இதனைச் சவ்வூடு பரவல் என்கிறோம். 1748-இலேயே பிரெஞ்சுத் துறவி நோலே பன்றியின் சிறுநீர்ப்பையைக் கொண்டு இதனைக் காட்டினார். கரைசலின் பக்கம் போதிய அழுத்தம் கொடுத்தால் நீர் எதிர்த்திசையில் ஓடும். அதுவே எதிர்ச் சவ்வூடு பரவல்; வீடுதோறும் வழங்கும் 'ஆர்.ஓ.' என்ற சொல்லின் பொருளும் இதுவே.

கொள்கை எளியது; நடைமுறைதான் கடினமாக இருந்தது. அக்காலச் சவ்வுகளின் வழியே நீர் சொட்டுச் சொட்டாகவே வந்தது. 1950-களின் இறுதியில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோபும், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் சேர்ந்து செல்லுலோஸ் அசிடேட் சவ்வு ஒன்றை உருவாக்கினர். மேலே மிக மெல்லிய அடர்ந்த தோல், கீழே அதைத் தாங்கும் துளைமிகுந்த தடித்த அடுக்கு. மெல்லிய தோல் உப்பைத் தடுத்தது. அது மெல்லியதாக இருந்தமையால் நீர் வேகமாக வந்தது. இன்றைய சவ்வுத் தொழில் முழுவதற்கும் இதுவே தொடக்கம் எனலாம்.

இத்தொழிலின் பெரிய சான்று ஒன்று எங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ளது. கழிமுகத்துக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் 2010-ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்ட கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் நன்னீர் தரும் திறனுடையது. கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. அதன் சவ்வூடு அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல் 25 மடங்குக்கும் மேல். ஆகவே அதனினும் இரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் நீரைத் தள்ளுகிறார்கள். கொடுங்கையூரில் 2019-இல் தொடங்கிய நிலையமோ, நகரின் கழிவுநீரையே சவ்வுகளால் தூய்மை செய்து வடசென்னைத் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறது.

சவ்வுகளைத் துளையின் அளவு கொண்டு நான்காகப் பிரிக்கலாம். முதலாவது நுண்வடித்தல். இதன் துளை ஒரு மைக்ரான் அளவை ஒட்டியது. பாக்டீரியாவையும் கொழுப்புத் துளிகளையும் தடுக்கும். இரண்டாவது மீநுண் வடித்தல். இது புரதங்களைத் தடுத்து, சர்க்கரையையும் உப்பையும் விட்டுவிடும். மூன்றாவது நானோ வடித்தல். சர்க்கரை, பெப்டைடு ஆகியவற்றைப் பெரும்பாலும் தடுத்து, சாதாரண உப்பில் ஒரு பகுதியை விட்டுவிடும். நான்காவது எதிர்ச் சவ்வூடு பரவல். இது பெரும்பாலும் நீரை மட்டுமே விடும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

தேநீர் வடிகட்டியில் சக்கை அடைத்துக் கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். தொழிற்சாலையில் அவ்வாறு ஆகாதிருக்க, நீர்மத்தைச் சவ்வின் மேல் நேரே ஊற்றாமல், அதன் பரப்பை உரசியவாறு பக்கவாட்டில் வேகமாக ஓடவிடுகிறார்கள். ஓட்டமே படிந்ததைத் துடைத்துச் செல்கிறது.

இருவரும் சேர்ந்தால்

நம் ஓட்டுக் கரைசலை முதலில் சல்லடையில் வடித்துக் கைட்டினைப் பிரிக்க வேண்டும். நுண்வடித்தலில் கொழுப்பும் தூளும் நீங்கும். மீநுண் வடித்தலில் உடையாத பெரிய புரதமும் நொதியும் தங்கிவிடும். சிறு பெப்டைடுகள் கடந்து செல்லும். தங்கிய நொதியை மீண்டும் தொட்டிக்கே அனுப்பி அடுத்த ஓட்டுக் குவியலுக்கு வேலை வாங்கலாம். நொதி விலையுயர்ந்தது, ஆதலால் இது பெரும் சிக்கனம். இறுதியாக நானோ வடித்தலில் பெப்டைடு செறிவாகும், உப்பு குறையும், வெளிவரும் நீரின் பெரும்பகுதி திரும்பவும் பயன்படும். செறிந்த சாற்றை உலர்த்தினால் கோழித் தீவனத்துக்கும், மீன் தீவனத்துக்கும், தக்க தூய்மையோடு செய்தால் மனித உணவுக்கும் ஏற்ற புரதப் பொடி கிடைக்கும்.

சாற்றைக் கொதிக்க வைத்தே செறிவாக்கலாமே என்று கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 விழுக்காடு திடப்பொருளுள்ள 100 கிலோ சாற்றை 20 விழுக்காடாக்க, 80 கிலோ நீரை நீக்க வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 540 கிலோகலோரி வெப்பம் தேவை. ஆக, 43,200 கிலோகலோரி. சவ்வின் வழியே 30 வளிமண்டல அழுத்தத்தில் அதே 80 கிலோ நீரைத் தள்ள ஆகும் வேலை, அழுத்தத்தைக் கன அளவால் பெருக்கக் கிடைக்கும்; அது ஏறத்தாழ 58 கிலோகலோரிதான். பம்பின் இழப்புகளுக்காகப் பத்து மடங்கு கூட்டினாலும் 600-ஐத் தாண்டாது. பல அடுக்கு ஆவியாக்கிகளில் வெப்பச் செலவு வெகுவாகக் குறையும் என்பது உண்மையே. ஆயினும் வேறுபாடு வேறுபாடுதான். நீரை ஆவியாக மாற்றாமலே நீக்குவதில் இருக்கிறது இச்சிக்கனத்தின் மறைபொருள். சூடு குறைவாதலால் சுவையும் சத்தும் கெடுவதில்லை.

இந்தக் கூட்டணி பால் தொழிலில் நெடுநாளாக வழக்கில் உள்ளது. பாலைத் திரிக்க ரென்னட் என்னும் நொதி. திரிந்தபின் பிரியும் மோர்த் தெளிவைக் காக்கச் சவ்வு. பத்து லிட்டர் பாலில் பாலாடைக்கட்டி செய்தால் ஏறத்தாழ ஒன்பது லிட்டர் தெளிவு மிஞ்சும். முன்பு அது பல நாடுகளில் ஆற்றில் விடப்பட்டு மீன்களைக் கொன்றது. 1969-இல் பிரெஞ்சு நாட்டில் மொபுவா, மொக்கோ, வசால் என்ற மூவர், பாலையே முதலில் மீநுண் வடித்தலால் செறிவாக்கிப் பிறகு பாலாடைக்கட்டி செய்யும் முறையை வகுத்தனர். இன்று கடைகளில் உயர்ந்த விலைக்கு விற்கும் 'வே புரோட்டீன்' பொடி, ஒருகாலத்தில் கொட்டப்பட்ட அதே தெளிவிலிருந்து சவ்வால் பிரித்தெடுக்கப்படுவதுதான். குப்பை என்பது பொருளின் குணமன்று. நம் அறியாமையின் பெயர்!

தடைகள் இல்லாமல் இல்லை

நன்மையை மட்டும் கூறி நிறுத்துவது அறிவியல் ஆகாது. சவ்வின் பெரும்பகை படிவு. புரதமும் கொழுப்பும் துளைகளை அடைத்து ஓட்டத்தைக் குறைக்கும். காரக் கரைசலாலோ, வியப்பாக, நொதியாலோதான் அதனைக் கழுவ வேண்டும். புரதத்தை உடைத்த சாற்றில் சிலவகைப் பெப்டைடுகளால் கசப்புத் தோன்றும். இறால் ஒவ்வாமை உடையோருக்கு அப்பொடியும் ஆபத்தாகலாம். நொதி முறையில் சில விழுக்காடு புரதம் கைட்டினிலேயே ஒட்டிக் கொள்வதால், மருத்துவத் தரம் வேண்டுமானால் சிறிது காரம் இன்னும் தேவை. கைட்டினைக் கைட்டோசானாக்க இன்றும் பெரும்பாலும் செறிந்த காஸ்டிக் சோடாவையே நாடுகிறார்கள். ஆகவே நொதி காரத்தை முற்றிலும் விரட்டவில்லை. அதன் ஆட்சியைக் குறைக்கிறது.

இவை அனைத்தினும் பெரிய தடை, நேரம். ஓடு புதிதாக இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் நாறிய ஓட்டிலிருந்து நல்ல புரதம் வராது. எனவே உரிக்கும் கொட்டகைக்கு அருகிலேயே, ஐஸில் வைத்த ஓட்டை அன்றன்றே பெற்றுக்கொள்ளும் சிறு நிலையம் வேண்டும். அவ்வாறானால் ஓட்டைப் பிரித்துத் தூய்மையாக வைப்பவர் யார்? உரிக்கும் பெண்களே. இன்று கூடையில் எறியும் ஓட்டுக்கு அவர்களுக்கு ஒரு காசும் இல்லை. நாளை அதற்கு விலை வருமானால், அவ்விலையில் ஒரு பங்கு அவர்களைச் சேர வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவைப்பது நம் கடமை. கூட்டுறவுச் சங்கம் வழியே ஓட்டை விற்பது ஒரு நல்ல வழியாகலாம். பக்கத்துப் பொன்னேரியிலே மீன்வளக் கல்லூரி இருக்கிறது. பப்பெய்ன் எடுப்பதற்கு ஏற்ற பப்பாளி வகைகளைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் தந்திருக்கிறது. சவ்வு நம் ஊர்க் கடற்கரையிலேயே இயங்குகிறது. இல்லாதது இவற்றை இணைக்கும் கை ஒன்றே.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். பாடநூலில் உள்ளது வேறு, நம் தெருவில் உள்ளது வேறு என்று எண்ணியே படித்து வந்தோம். நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன், என் தாய் அக்கேள்வியைக் கேட்கும்வரை. துறைமுகத்திலும், உப்பளத்திலும், மீன் சந்தையிலும், ஆலைவாயிலிலும் நம் பெற்றோர் நாள்தோறும் கைகளால் தொடும் பொருள்களிலே விடை காணாத வினாக்கள் எத்தனையோ கிடக்கின்றன. அவற்றைக் கேட்டறிந்து ஆய்வகத்துக்குக் கொண்டுவருவோமாக!

கட்டுரையை எழுதி முடித்ததும் என் தாய்க்குப் படித்துக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: "கறுத்தது என் தப்பில்லேன்னு எழுதிட்ட இல்ல? அது போதும்மா. மீதியை நீ படிச்சி முடிச்சிட்டு வந்து செய்."